தோசையா, இட்லியா?

கேள்வி: என் பேரனுக்கு 6 வயது. ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். 'தோசை வேண்டுமா, இட்லி வேண்டுமா?' என்று கேட்டால், 'இட்லி வேண்டுமா' என்று திருப்பிச் சொல்கிறான். இட்லியை வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்கிறான். பள்ளியில் படம் காட்டிப் பழக்கச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவரோ, படம் பழகினால் பேச்சே வராது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு பாட்டி, திருவையாறு பக்கம்

பதில்: படத்தைக் காட்டுங்கள் அம்மா. அது பேச்சைத் தடுக்காது. உறவினருக்கு நல்ல காபியாகக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காதில் கடைசியாக விழுந்ததைத்தான் பேரன் திருப்பித் தருகிறான். அதனால் கேள்வியை அடுக்காமல் இரண்டு தட்டையும் நீட்டுங்கள். கை தோசைப் பக்கம் போனால், அவன் சொல்ல வேண்டியபடியே 'தோசை வேண்டும்' என்று சொல்லிக் கொடுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாதீர்கள். பாட்டிகளுக்கு இது கடும் பத்தியம்தான்!

கடையில் விற்கும் அட்டையில் ஆப்பிளும் கப்பலும் இருக்கும். அவனுக்கு எதற்கு? அவன் டம்ளர், அவன் குளிக்கும் பம்ப்செட் தொட்டி, உங்கள் தோசைக்கல் ஆகியவற்றைப் போனில் படமெடுத்து, அச்சிட்டு, அடுக்களைக் கதவில் அவன் கைக்கு எட்டுமாறு மாட்டுங்கள். படத்தை எடுத்து நீட்டினால் அந்த நொடியே பொருள் வந்துவிட வேண்டும். 1985இல் அமெரிக்காவில் உருவான படப் பரிமாற்ற முறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலில் நாலு படம் போதும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். வகுப்பில் ஒரு பையனிடம் 'வாயை மூடு' என்று சொல்லிவிட்டேன். உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. எதிரே சாம்பார் சாதம் ஆறிக்கிடந்தது. நான்தான் போய் அவன் கையை விலக்கினேன். 'தோலை உரித்துவிடுவேன்' என்று செல்லமாகக்கூடச் சொல்ல வேண்டாம்.

காது பரிசோதனை பற்றி நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். சுவரில் முட்டுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜூன் 12 நெருங்குகிறது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள், படித்துறையில் நீங்கள் அவன் கையைப் பிடித்து நிற்கும் படம் ஒன்றையும் மாட்டுங்கள். 'போகாதே' என்பதைவிட, 'பாட்டி கையைப் பிடி' என்பது அவனுக்கு எளிதில் புரியும். அதை நம்பி இருந்துவிடாமல், கொல்லைக்கதவுத் தாழ்ப்பாளை அவனுக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.