பட்டியல் நீளம், ஆள் மூவர்: தன்னார்வ மென்பொருளில் எதை முதலில் எடுப்பது?

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக ஆண்ட்ராய்டுக்கான ஒரு கட்டற்ற தமிழ் விசைப்பலகைச் செயலியை நடத்திவருகிறோம். எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது. தொடர்ந்து வருபவர்கள் மூன்று பேர். அவ்வப்போது எட்டிப்பார்ப்பவர்கள் நாலைந்து பேர். நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், குறை என்றும் வசதி வேண்டும் என்றும் எழுதப்பட்ட 214 இஷ்யூக்கள் திறந்தே கிடக்கின்றன. ஜனவரியில் 12 வேலைகளோடு ஓராண்டு ரோட்மேப் போட்டோம், முடிந்தவை மூன்று. விரலை இழுத்து எழுதும் ஸ்வைப் வசதிக்குத்தான் பயனர்களிடம் அதிக ஓட்டு. எங்களில் ஒருவரோ ஜாவா மொழியில் உள்ள நிரல் முழுவதையும் காட்லின் மொழியில் திருப்பி எழுதிய பிறகுதான் மற்றதெல்லாம் என்கிறார். "உங்களால் முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஸ்வைப்புக்காகப் பணம் திரட்டித் தரவும் சிலர் தயாராக இருக்கிறார்கள். எதை முதலில் எடுப்பது? யார் முடிவெடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: ரோட்மேப்பில் இருந்த 12 வேலைகளுக்கும் எதிரே ஆள் பெயர் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. சம்பளம் தரும் இடத்தில் ஒரு வேலை முக்கியம் என்று முடிவானால் யாரையாவது அதில் அமர்த்திவிடலாம். தன்னார்வலரிடம் அது நடக்காது. அவருக்குப் பிடித்த வேலையைத் தடுத்தால் நீங்கள் சொல்லும் வேலைக்கு மாறமாட்டார். மெல்ல வராமல் நின்றுவிடுவார். அதனால் உங்களால் உண்மையில் எடுக்கக்கூடிய முடிவுகள் மூன்று: யாருக்கும் ஆர்வம் இல்லாவிட்டாலும் செய்தே தீரவேண்டியவை எவை, யாராவது செய்து கொண்டுவந்தால் வாங்கிக்கொள்பவை எவை, கொண்டுவந்தாலும் வாங்காதவை எவை. முதல் வகையை எவ்வளவு சின்னதாக வைத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

எவ்வளவு சின்னதாக என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அடுத்த எட்டு வாரங்களில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தரமுடியும் என்று மூவரும் எழுதுங்கள். 5, 4, 3 என்று வந்தால் மொத்தம் 12. அதில் பாதியை மட்டும் நம்புங்கள். காய்ச்சல், கல்யாணம், அலுவலக நெருக்கடி என்று மறுபாதி போய்விடும். வாரம் 6 மணி என்றால் எட்டு வாரத்துக்கு 48. அதிலும் பாதி, பிறர் சேர்க்கச் சொல்லி அனுப்பும் நிரல் மாற்றங்களை (புல் ரிக்வெஸ்ட்) படிக்கவும் இஷ்யூக்களுக்குப் பதில் எழுதவும் வெளியீட்டைத் தயார்செய்யவும் செலவாகும். திட்டமிட்ட வேலைக்கு மிஞ்சுவது 24 மணி நேரம். நடுத்தர அளவில் இரண்டு வேலைகள், அல்லது சின்னதாக நாலைந்து. ஓராண்டுக்கு ஏறக்குறைய 150 மணி நேரம். உங்கள் 12 வேலைகளில் ஸ்வைப் ஒன்றே அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். மூன்று முடிந்ததே நல்ல உழைப்புதான்.

இந்த நேரத்தில் முதலில் தீர்ந்துபோவது நிரல் எழுதும் நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். ரிவ்யூ நேரம்தான் முதலில் தீரும். நிரல் எழுத வெளியிலிருந்து யாரும் வரலாம். அதைப் படித்து, இரண்டு மூன்று போன்களில் ஓட்டிப் பார்த்து, சேர்க்கலாம் என்று சொல்ல உங்கள் மூவரை விட்டால் ஆளில்லை. ரிவ்யூ நேரத்தைப் பெருக்காமல் "பங்களிக்க வாருங்கள்" என்று பத்துப் பேரை அழைத்தால் பத்துப் புல் ரிக்வெஸ்ட் மூன்று மாதம் கிடக்கும். பத்துப் பேரும் போய்விடுவார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தில் இதற்கென்றே கமிட்ஃபெஸ்ட் என்ற முறை உண்டு. ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று ஆண்டில் ஐந்து மாதங்களை, காத்திருக்கும் பேட்ச்களை (நிரல் மாற்றங்களை) பார்ப்பதற்கென ஒதுக்குகிறார்கள். பேட்ச் அனுப்புபவர் ஏறக்குறைய அதே சிக்கல் கொண்ட இன்னொருவரின் பேட்சை ரிவ்யூ செய்து தரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மாத முடிவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் உண்டு: சேர்ந்தது, குறிப்போடு திரும்பியது, அடுத்த சுற்றுக்குத் தள்ளியது, நிராகரித்தது. இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. எட்டு வாரத்தில் ஒரு வாரத்தை ரிவ்யூவுக்கு மட்டும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். அவ்வப்போது வரும் நாலைந்து பேரையும் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, செய்தே தீரவேண்டியவை. இதில் தேதியோடு வருபவை முதலில். செயலிகள் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைக்க வேண்டும், அதாவது அதன் விதிகளுக்கு ஏற்றபடி இருக்கவேண்டும் என்று கூகுள் பிளே ஆண்டுதோறும் கெடு வைக்கிறது. 2023, 2024, 2025 மூன்றிலும் அது ஆகஸ்ட் 31. 2025-இல் கேட்டது ஏபிஐ 35, அதாவது ஆண்ட்ராய்டு 15. கெடு தாண்டிவிட்டால் பழைய இலக்கோடு புதிய பதிப்பை ஏற்ற முடியாது. நாளைக்கே ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தாலும் திருத்தத்தை உடனே பயனரிடம் சேர்க்க வழியிருக்காது. அதனால்தான் எந்தப் புதிய வசதிக்கும் முன்னால் இது நிற்கிறது. நவம்பர் 1 வரை நீட்டிப்புக் கேட்க இடம் தந்திருந்தார்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எண்ணை மாற்றுவதோடு வேலை முடிவதும் இல்லை. 35-ஐக் குறிவைத்ததும் ஆண்ட்ராய்டு 15 போனில் செயலியின் திரை விளிம்புவரை விரியும். அமைப்புகள் பக்கத்தின் கடைசி வரி கீழே உள்ள பட்டைக்கு அடியில் போய்விடும். ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்க்கவேண்டும். சொல் பரிந்துரைக்கு சி++ மொழியில் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு: 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகள் நினைவகத்தை 16 கேபி துண்டுகளாகப் பிரித்துக் கையாளும் போன்களிலும் ஓடவேண்டும். உங்கள் சொந்த நூலகத்தை, சி++ நிரலுக்கான ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பான என்டிகே 28-இல் மறுபடி கம்பைல் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூலநிரல் கையில் இல்லாமல் வேறெங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த நூலகம் இருந்தால் அதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே இந்த வகை வேலையை மே மாதத்திலேயே எடுத்துவிடுங்கள்.

அடுத்து வருபவை, சத்தமில்லாமல் கெடுதல் செய்யும் வழுக்கள், அதாவது நிரல் பிழைகள். விசைப்பலகை, பயனர் தட்டும் எல்லாவற்றையும் பார்க்கிறது. கடவுச்சொல் பெட்டியில் தட்டியதை அது கற்றுக்கொண்டு பிறகு பரிந்துரையாகக் காட்டினாலோ, பிரவுசரின் மறைநிலைப் பக்கம் "இங்கே தட்டுவதைக் கற்காதே" என்று அனுப்பும் குறியை மதிக்காவிட்டாலோ, அந்த இஷ்யூவுக்கு ஒரே ஓட்டு இருந்தாலும் முதலிடம் அதற்குத்தான். தமிழ் எழுத்தில் வரும் இன்னொன்றும் இருக்கிறது. 'கொ'வின் துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியாக அனுப்பாமல் கொம்பு தனி, கால் தனி என்று அனுப்பினால் திரையில் வித்தியாசம் தெரியாது. பல மென்பொருள்களில் தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினால் இடம் மாறும். 'கௌ'வில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் விழுவதும் இதே கதைதான். செயலி நின்றுபோனால் பயனர் அன்றைக்கே திட்டி எழுதிவிடுவார். இந்த மாதிரி வழு பல ஆயிரம் பக்கங்களைக் கெடுத்த பிறகுதான் வெளியே தெரியும், கெட்டதைத் திருத்தவும் உங்களால் முடியாது. இவற்றுக்குப் பிறகு, செயலி நின்றுபோகும் வழுக்கள். அதன் பிறகு, போன பதிப்பில் ஓடி இந்தப் பதிப்பில் ஓடாதவை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை: பயனரிடம் ஓடிக்கொண்டிருந்ததை ஒரு மாற்றம் உடைத்தால் அது வழு, சட்டென்று திருத்த முடியாவிட்டால் மாற்றத்தையே திரும்ப எடுத்துவிட வேண்டும். மூன்று பேர் இருக்கும் இடத்தில் திரும்ப எடுப்பதையே முதலில் செய்யுங்கள். காரணத்தை நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.

இவை அந்த 214-இல் எங்கே கிடக்கின்றன என்று தெரிய ஒரு முறை முழுவதையும் தரம்பிரித்தாக வேண்டும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் ஏழு மணி நேரம். இருவர் சேர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் நான்கு அமர்வுகளில் முடியுங்கள். வழு, வசதி, தகவல் தேவை, புதியவருக்கான முதல் வேலை என்று நான்கு லேபிள் போதும். அமர்வின்போது எதையும் திருத்த உட்காராதீர்கள். முதல் இருபதிலேயே மாட்டிக்கொள்வீர்கள். தகவல் தேவை என்பதில் போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலியின் பதிப்பு மூன்றையும் கேட்டு, புதிய பதிப்பிலும் வருகிறதா என்றும் கேளுங்கள். 30 நாள் பதில் இல்லையென்றால் மூடிவிடலாம். இந்த ஒரு லேபிளுக்கு மட்டும்தான் இந்த விதி. பழைய இஷ்யூக்களையெல்லாம் தானாக மூடும் பாட் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். நன்றாக எழுதப்பட்டு, நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட உண்மையான வழுக்களையும் அது மூடும். எழுதியவர் இன்னொரு முறை எழுதமாட்டார்.

ஓராண்டு ரோட்மேப்பை விட்டுவிட்டு எட்டு வாரச் சுற்றுக்கு வாருங்கள். ஒரு வாரம் தேர்வு, ஐந்து வாரம் வேலை, ஒரு வாரம் ரிவ்யூ, ஒரு வாரம் சோதனையும் வெளியீடும். தேதி அசையக்கூடாது, தயாராகாத வேலைதான் அடுத்த சுற்றுக்குப் போகவேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் 3.0 பதிப்பு ஜூலை 2002-இல் வந்தது, 3.1 ஜூன் 2005-இல். எல்லாம் தயாராகட்டும் என்று காத்திருந்தால் இப்படித்தான் இழுக்கும். கெர்னலில் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு, புதியவற்றைச் சேர்க்கத் தொடக்கத்தில் இரண்டே வாரம். தவறவிட்டவர் அடுத்ததில் வரலாம் என்பதால் அரைவேக்காட்டைத் திணிக்க யாருக்கும் அவசரம் வருவதில்லை. உங்கள் பட்டியலில் ஒரு வேலை ஏறவேண்டுமானால் எதிரே இரண்டு பெயர்கள் வேண்டும்: செய்பவர், ரிவ்யூ செய்பவர். இரண்டாவது பெயர் கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றில் அது கிடையாது. எடுத்தவரிடமிருந்து 14 நாள் சேதி இல்லையென்றால் "வேறொருவர் எடுக்கலாமா?" என்று கேட்டு விடுவித்துவிடுங்கள். அவருக்கும் அது நிம்மதிதான்.

ஸ்வைப்புக்கு வருவோம். ஓட்டு போட்டவர்கள் கிட்ஹப் கணக்கு உள்ளவர்கள். உங்கள் செயலியில் தினமும் தமிழ் தட்டுபவர்களில் அவர்கள் ஒரு சிறு பகுதி. ஆசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓட்டு உதவும், வேலை செய்ய ஆளைக் கொண்டுவராது. ஆண்ட்ராய்டின் திறந்த மூல விசைப்பலகையில் ஸ்வைப் எஞ்சின் கிடையாது. அதிலிருந்து கிளைத்த செயலிகளில் சில, கூகுளின் மூடிய நூலகத்தைப் பயனரே தேடி ஏற்றிக்கொள்ள விடுகின்றன. அந்த நூலகத்தை உங்கள் பொதியிலேயே சேர்த்தால் கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்தில் இடம் கிடைக்காது. சொந்தமாக எழுதுவதென்றால் விரல் பாதையிலிருந்து சொல்லைக் கணிக்கும் முறை, விகுதிகள் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களுக்கான அகராதி, துல்லியத்தை அளக்கும் சோதனைத் தொகுப்பு மூன்றும் வேண்டும். எனவே இது இரண்டாம் வகை. இரண்டு பக்கத் திட்டக்குறிப்போடு ஒருவர் வந்தால் வாங்கிக்கொள்வோம், அதுவரை எந்தச் சுற்றிலும் இல்லை என்று அந்த இஷ்யூவின் தலையில் எழுதி வையுங்கள்.

காட்லின் கேட்கும் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது; எல்லாவற்றையும் நிறுத்திவைத்து முழுதாகத் திருப்பி எழுதுவதில்தான் ஆபத்து. நெட்ஸ்கேப் பிரவுசரைப் புதிதாக எழுதுவதென்று 1998 கடைசியில் முடிவானது, அதிலிருந்து பிறந்த மொசில்லா 1.0 வந்தது ஜூன் 2002-இல். அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். ஜாவாவும் காட்லினும் ஒரே செயலியில் சேர்ந்து ஓடும் என்பதால் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு விதி போடுங்கள்: வேறு காரணத்துக்காகத் தொடும் கோப்பை மட்டும், அந்த வேலைக்கு முன்னால் தனி கமிட்டாக (பதிவாக) மாற்றலாம். மொழி மாறுவதால் வரும் கோப்புப் பெயர் மாற்றம் ஒரு கமிட், உள்ளடக்க மாற்றம் அடுத்த கமிட். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருள் அதைப் பெரும்பாலும் பழைய கோப்பை அழித்துப் புதிதாக எழுதியதாகவே எடுத்துக்கொள்ளும். யார், எதற்காக எழுதிய வரி என்ற வரலாறு அறுந்துவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் பெயர் மாற்றத்துக்குத் தனி கமிட் போடும் வசதியே இருக்கிறது. அந்த நண்பரையே இதற்குப் பொறுப்பாக்குங்கள்.

வாங்காதவை பட்டியலையும் நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே வையுங்கள். இணைய அனுமதி கேட்கமாட்டோம், மேகச் சேமிப்பு கிடையாது, குரல் உள்ளீட்டுக்கு போனில் இருக்கும் வேறு செயலியிடம் கைமாற்றிவிடுவோம் என்பதுபோல, காரணத்தோடு ஒவ்வொரு வரி. மூன்று மாதம் உழைத்துக் கொண்டுவந்த பிறகு மறுப்பதைவிட இது மரியாதை.

யார் முடிவெடுப்பது? நீங்கள் மூவரும்தான், ஆனால் எழுத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில். அப்பாச்சி அறக்கட்டளையின் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் ஒரு யோசனையை முன்வைத்து 72 மணி நேரம் காத்திருப்பார்கள். மறுப்பு வராவிட்டால் சம்மதம். நிரல் மாற்றத்தைத் தடுப்பவர் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். உங்கள் மூவரும் வார இறுதியில்தான் எட்டிப்பார்ப்பீர்கள் என்றால் ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

"வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்பவருக்கு ஒருமுறை பணிவாகப் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் நூலகத்தின் தனிப் பராமரிப்பாளரை 2022-இல் இதே தொனியில் மின்னஞ்சல்கள் நெருக்கின. பிறகு இணைப் பராமரிப்பாளராக உயர்ந்தவரின் கையால் 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) நுழைந்தது. விசைப்பலகைக்கு அது நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியீட்டு உரிமை, பல சுற்றுகள் ரிவ்யூவில் கூடவே இருந்தவருக்கு மட்டும். அதே சமயம், செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவியும் பிளே கணக்கின் அணுகலும் ஒரே ஆளிடம் இருந்தால் இந்தச் சுற்றிலேயே இரண்டாம் ஆளுக்கும் கொடுங்கள்.

பணம்: ஸ்வைப்புக்கென்று பரிசுத்தொகை வைக்காதீர்கள். எழுதியவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ரிவ்யூவும் அடுத்த ஐந்தாண்டுப் பராமரிப்பும் சம்பளமில்லாத உங்கள் மூவர் தலையில் விழும். தருபவர்களிடம், பணம் கொடுப்பதால் பட்டியலில் இடம் மாறாது என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதித்துத் தந்தால், 2 ஜிபி ரேம் உள்ள பழைய போன்கள் இரண்டு மூன்று வாங்குங்கள். பயனர்கள் சொல்லி உங்களால் வரவைக்க முடியாத வழுக்கள் பல அவற்றில் வரும். மீதியை அகராதிச் சொற்பட்டியலைத் திருத்தித் தருபவருக்குக் கூலியாகக் கொடுத்து, வரவு செலவைக் களஞ்சியத்திலேயே வெளியிடுங்கள்.