அறிவியல் நோட்டில் ரப்பர் எதற்கு?

அன்புள்ள அண்ணா,

பெருந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகள் எடுக்கிறேன். இந்த ஆண்டு அறிவியலுக்கென்று தனி நோட்டுப் போட்டு, செய்கிற சோதனைகளைப் பிள்ளைகளையே எழுதச் சொல்கிறேன். போன மாதம் கொட்டாங்குச்சியில் தட்டைப்பயறு போட்டோம். ஒன்று வெயிலில், ஒன்று அட்டைப்பெட்டிக்குள். என்ன நடக்கும் என்று முன்னாடியே எழுதச் சொன்னேன். எல்லோரும் 'இருட்டில் முளைக்காது' என்று எழுதினார்கள். முளைத்துவிட்டது. உடனே அழித்துவிட்டு 'முளைக்கும்' என்று திருத்திக்கொண்டார்கள். நோட்டுகள் சுத்தமாக இருந்தன, எல்லோருக்கும் ஸ்டார் போட்டேன். ஒரு பெண் மட்டும் சம்பந்தமே இல்லாமல் 'மழையே பேயல, எங்க கிணத்துல தண்ணி ஏறுது' என்று எழுதியிருந்தாள்.

எங்கள் ஹெச்.எம்., 'பாதிப்பேருக்கு ஒரு வரி பிழையில்லாமல் எழுத வரவில்லை. முதலில் தமிழ் வரட்டும், அறிவியலை அப்புறம் எழுதலாம்' என்கிறார். அவர் சொல்வது சரியா? எழுத வராத குழந்தை படம் மட்டும் போட்டால் போதுமா? இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

— ஓர் ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள டீச்சருக்கு,

நேரத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்து எழுதவைக்கிறீர்கள் அல்லவா, அதை நிறுத்தினாலே வேண்டிய மட்டும் கிடைக்கும். படம் தாராளமாகப் போடலாம். பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் ஒரு சொல்லும் இருந்தால் போதும்.

என்னைச் சுருக்கென்று தைத்தது அந்த ஸ்டார்தான். எதற்கு அம்மணி போட்டீர்கள்? அழித்ததற்கா? அந்த நோட்டில் பிள்ளை சொந்தமாக எழுதியது 'முளைக்காது' என்ற ஒரு வரி. செடிக்கு வெயில் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில்தான் சொல்லிக்கொடுத்தோம். அதை நம்பி, யோசித்து, துணிந்து எழுதியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தபின் மிச்சமிருப்பது புத்தகத்திலேயே கிடக்கிற தகவல். அதற்கு எதற்கு ஒரு நோட்டு?

இத்தனைக்கும் பெட்டிக்குள் இருந்த பயறு வெறுமனே முளைத்திருக்காது. வெயிலில் இருந்ததைவிட நெட்டையாக, வெளிறிப்போய், நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து கிடந்திருக்கும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகள் நோட்டிலும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். விடை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் ரப்பரை எடுத்துவிட்டால் பயறை யார் பார்ப்பார்கள்? 'முளைக்காது' என்ற வரி கண்முன் இருந்தால் பிள்ளைக்கு உறுத்தும்: வெயில் இல்லாமல் எப்படி முளைத்தது? விதை தனக்கு வேண்டிய கட்டுச்சோற்றை உள்ளேயே வைத்திருக்கிறது. அது தீர்வதற்குள் வெளிச்சத்தைப் பிடித்துவிட வேண்டும், அதற்காகத்தான் இலையைக்கூடக் கவனிக்காமல் தண்டை நீட்டுகிறது. பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும், அதனால்தான் வெளிறல். இதில் பாதியை அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

மின்சாரத்தை ஆராய்ந்த விஞ்ஞானி மைக்கேல் பாரடேயைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிய பையன். பின்னாளில் தன் சோதனைக் குறிப்புகளுக்குப் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதினார், எண்ணிக்கை 16,000-ஐத் தாண்டியது. 1849-ல் புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, கம்பி சுற்றிய உலோக உருளைகளை உயரத்திலிருந்து விழவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்று எழுதிவைத்ததோடு அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். இருந்தும் தொடர்பு இருக்கும் என்ற தன் நம்பிக்கையையும் அவர் மறைக்கவில்லை.

லண்டனுக்குப் போவானேன். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, மூணாங்கிளாஸ் தாண்டாதவர். மோட்டார் ரூம் சுவர்தான் அவருக்கு நோட்டு, கரித்துண்டுதான் பேனா. 'ஆடி 30 வாய்க்கால்ல தண்ணி உட்டாங்க. ஆவணி 10 ஏறும்' என்று இருக்கும். அதற்குக் கீழே 'ஏறல'. அதற்கும் கீழே 'ஆவணி 22, ஒரு படி முங்கிச்சு'. கிணற்றுக்குள் இறங்கும் கல்படிதான் அளவுகோல். அடுத்த வருசத்து ஊகம் ஆவணி 20-க்குத் தள்ளிப் போயிருக்கும். முந்தின வருசத்து 'ஏறல'வை அவர் துடைக்கவே மாட்டார், அதைப் பார்த்துத்தான் அடுத்ததைக் கணிப்பார். சித்தப்பா கல்யாணத்துக்கு வீட்டோடு சேர்த்து மோட்டார் ரூமுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். கல்யாண வீடு என்றுகூடப் பார்க்காமல் வைதார் மனுசன்.

அதனால்தான் அந்தப் பெண் எழுதியது 'சம்பந்தமே இல்லாமல்' என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நம் பக்கத்துப் பாசன வாய்க்காலான கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. 2 லட்சத்துச் சொச்சம் ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. மண் கரை வழியாகக் கசியும் தண்ணீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாக வருகிறது. கால்வாய்க்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று விவசாயிகளே இரண்டு கட்சியாக நின்றார்களே, அந்தச் சண்டையின் முக்கால்வாசி இந்தக் கசிவைப் பற்றியதுதான். கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் தண்ணீர் வந்துசேரவில்லை என்றார், கிணற்றுக்காரர் கசிவு நின்றால் கிணறு வற்றும் என்றார். பத்து வயசுக்காரி அதன் ஒரு நுனியைத் தானாகவே பிடித்திருக்கிறாள். அவளுடைய 'பேயல'வைச் சிவப்பு மையில் வெட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஹெச்.எம். கேட்டதா? பிழையில்லாமல் எழுத வந்தபின் அறிவியல் எழுதலாம் என்றால், அதுவரை எதை எழுதிப் பழகுவது? சொல்வதற்குச் சொந்தமாக ஒன்று இருக்கிற பிள்ளைதான் எழுத்தைத் தேடி வரும். எழுத்துப்பிழையைத் தமிழ் நோட்டில் திருத்துங்கள், இந்த நோட்டில் வேண்டாம். அவரிடம் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லுங்கள், என்னைப் போலச் சொல்லாதீர்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். வாய்க்காலில் ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்த தண்ணீரை டிசம்பர் வாக்கில் நிறுத்துவார்கள். நிறுத்தினால் கிணறு என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும், ஏன் என்று எல்லோரையும் இப்போதே எழுதச் சொல்லுங்கள். பேனாவில். வாய்க்காலுக்குப் பக்கத்துக் கிணறு, தள்ளி இருக்கிற கிணறு இரண்டையும் வாராவாரம் குறிக்கட்டும். பிள்ளைகளைக் கிணற்று மேட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நம் பக்கத்தில் பாதிக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. எத்தனை படி தெரிகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் எட்டிப்பார்த்துச் சொன்னால் போதும்.

அன்புடன்.