அருங்காட்சியகத் தொடுதிரைக்கு எந்த டூல்கிட் சரி: யூனிட்டியா, கிவியா, பிரவுசரா?

அருங்காட்சியகத்துக்கான தொடுதிரைச் செயலியை எதில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 43 அங்குலத் தொடுதிரை, தமிழும் ஆங்கிலமும், நாலைந்து வீடியோ, நாள் முழுக்க ஓட வேண்டும் என்கிறீர்கள். உங்களிடம் பைதான் தெரிந்தவர்தான் இருக்கிறார் போல. பைதானில் எழுதும் கிவியின் பேர் வேறு எப்படி வரும்?

குரோமியம் பிரவுசரைக் கியோஸ்க் மோடில், அதாவது முகவரிப் பட்டி இல்லாமல் திரை முழுக்க, ஓடவிடுங்கள். இல்லையென்றால் க்யூடி என்ற டூல்கிட். காரணம் வேகமோ அழகோ இல்லை, கொம்பு.

'கெ' என்று அடித்தால் கணினிக்குள் க முதலில், கொம்பு அடுத்தது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ'வில் ஒரே குறி பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். பிரவுசரிலும் க்யூடியிலும் உள்ளேயே இருக்கிறது. கிவியை அப்படியே நிறுவினாலும், யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவிலும் 'பெண்' எழுதினால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கிவியைப் பாங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகத்தோடு சேர்த்தால் சரியாகும் என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். ஆகும், தெரியும். யூனிட்டிக்கும் சுற்றுவழி உண்டு. கனமான முப்பரிமாணக் காட்சி என்றால் அங்கேயே போங்கள், சண்டையில்லை. எதுவானாலும் முதல் நாளே 'கொ, கோ, கௌ, பெண், ஸ்ரீ' அடித்துப் பார்த்துவிடுங்கள்.

சிலர் பாமினி எழுத்துருவைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். மேலே தமிழ், உள்ளே ஆங்கிலக் குப்பை; தேடல் வேலை செய்யாது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இன்னமும் உள்ளடக்கம் கேட்டால் பழைய குறியீட்டில் அடித்த பேஜ்மேக்கர் (அச்சுப் பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பை நீட்டுகிறார்கள். அதை மாற்றிப் பிழை திருத்தும் நாட்களை மதிப்பீட்டில் யாரும் சேர்ப்பதே இல்லை.

சரி, தொடுதல். மவுஸ் நிகழ்வுகளை நம்பி எழுதினால் முதல் விரல் மட்டும்தான் தெரியும். பக்கத்துக் குழந்தை தட்டுவது எங்கும் போகாது. பிரவுசர் தரும் பாயிண்டர் ஈவென்ட்ஸில் ஒவ்வொரு விரலுக்கும் தனி எண் வரும், இழுப்பை அந்த எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷனை 'none' ஆக்காவிட்டால் பாதி இழுப்பில் பிரவுசர் அதை ஸ்க்ரோல் என்று பிடுங்கிக்கொள்ளும். நீண்ட அழுத்தத்துக்கு வரும் மெனுவையும் தடுங்கள். 60 விநாடி யாரும் தொடாவிட்டால் முகப்புக்குத் திரும்பட்டும், மொழித் தேர்வு உட்பட. பொத்தான்கள் 2 செ.மீ. அகலம், தரையிலிருந்து 120 செ.மீ.க்குள்; சக்கர நாற்காலியில் வருபவருக்கு அதற்கு மேல் எட்டாது.

வைஃபையை நம்பாதீர்கள், எல்லாக் கோப்பும் உள்ளேயே இருக்கட்டும். ஆனால் பக்கத்தை நேரடிக் கோப்பாகத் திறந்தால் தரவுக் கோப்புகளைப் படிக்க பிரவுசர் விடாது; அதனால் கணினிக்குள்ளேயே ஒரு சர்வர் வேண்டும். பைதானோடு வரும் குட்டி சர்வரில் வீடியோவை நடுவிலிருந்து ஓட்ட முடியாது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைப் போட்டுவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தால் 'பக்கங்களை மீட்கவா?' என்று குரோமியம் கேட்டு நிற்கும்; இன்காக்னிட்டோவில் தொடங்கினால் கேட்காது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி என்றால், கார்டில் எதையும் எழுதாத ஓவர்லே கோப்பு முறையை இயக்குங்கள், எஸ்டி கார்டு பிழைக்கும். செயலி விழுந்தால் லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி தானே எழுப்பட்டும். நினைவகம் கசியத்தான் செய்யும், தினமும் இரவு ஒரு ரீபூட்.

ஜன்னலோரம், விரலை ஒளிக்கற்றையால் உணரும் இன்ஃப்ராரெட் சட்டம் வேண்டாம், வெயில் பட்டால் தானே தட்டிக்கொள்ளும். யூஎஸ்பி துளைகளைப் பெட்டிக்குள் மூடிவையுங்கள். யாராவது கீபோர்டைச் செருகி, செயலியை மூடும் ஆல்ட்-எஃப்4 அடித்தால் கியோஸ்க் மோடு போயே போச்சு.