ஒரு பாட்டு, சத்தம் தாங்காதவர்கள் கேட்க ஏற்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெலடி என்றால் பயமில்லையா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: மெலடி என்ற பெயரை நம்பவே நம்பாதீர்கள். தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே மாதிரி தடதடக்கும் குத்துப் பாட்டை வால்யூமைக் குறைத்துவிட்டு நிம்மதியாகக் கேட்பவர் உண்டு. அதே ஆள், பியானோவும் முணுமுணுப்புமாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று முழு ஆர்க்கெஸ்ட்ராவும் இறங்கும் 'மென்மையான' பாட்டில் ஹெட்போனைக் கழற்றி எறிவார். சராசரிச் சத்தத்தைவிட, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எந்த அதிர்வெண்ணில் ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், யாருக்காகப் பார்க்கிறீர்கள்? ஹைப்பர்அக்யூசிஸ் இருப்பவருக்கு, மற்றவர்கள் சாதாரணமாகக் கேட்கும் சத்தமே வலிக்கும். மிசோஃபோனியா இருப்பவருக்குச் சத்தத்தின் அளவு பெரிய விஷயமில்லை; மெல்லும் ஒலி, எச்சில் ஒலி, மூச்சு இழுப்பு என்று சில ஒலிகள் எவ்வளவு சன்னமாக வந்தாலும் கோபம் தலைக்கேறும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு எதிர்பாராமல் வருவதுதான் தொந்தரவு. முன்கூட்டியே தெரிந்தால் சமாளித்துக்கொள்வார்கள். ஒற்றைத் தலைவலிக்காரருக்குத் தலைவலி வந்த அன்றைக்கு எந்தப் பாட்டுமே வேண்டாம். அதனால் ஒரு பாட்டுக்கு 'ஏற்றது' என்று பொத்தாம்பொதுவாக முத்திரை குத்த முடியாது. எந்த நொடியில் என்ன வருகிறது என்று எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

சோதிக்க ஹெட்போன் வேண்டும். போன் ஸ்பீக்கரில் அடி பாஸும் இடம்-வலம் வித்தியாசமும் சரியாகத் தெரியாது. பல்லவி சீராகப் போகும் இடத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுகிற அளவுக்கு வால்யூமை வையுங்கள். பிறகு தொடாதீர்கள். பாட்டு முடியும்வரை, கை தானாக வால்யூம் பட்டனுக்குப் போகும் இடங்களையெல்லாம் நிமிடம், நொடியோடு குறியுங்கள்.

காதில் பிடித்ததைக் கண்ணால் சரிபார்க்க ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும், இலவசம். ட்ராக்கை ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் படம்) மாற்றினால், ஸ்னேர் டிரம்மின் அடியும் கைத்தட்டலும் கீழிருந்து மேல்வரை செங்குத்துக் கோடாக நிற்கும். கோட்டுக்கு இடப்பக்கம் இருட்டாக இருந்தால், அமைதிக்குப் பிறகு அடி விழுகிறது என்று பொருள். ஆள் திடுக்கிடும் இடம் அதுதான். பாடுபவரின் 'ஸ' பெரும்பாலும் 5,000 – 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் புகை போலத் தெரியும். விசிலோ கூரான சிந்தசைசர் ஒலியோ நீண்டு ஒலித்தால் படுக்கைக் கோடாக ஓடும். அந்தக் கோடு 2,000 – 5,000 ஹெர்ட்ஸுக்குள் ஓடினால் கவனம்: மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது அங்கேதான். காதுக் குழாயே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கித்தான் உள்ளே அனுப்புகிறது.

காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தெரியும் என்று அளக்கும் லவுட்னஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் முழுப் பாட்டுக்கும் வரும் ஒற்றை எண்ணைப் பார்த்து ஏமாறுவதுண்டு. 400 மில்லிநொடி அளவில் காட்டும் 'மொமென்டரி' எண்ணைப் பாருங்கள். அது அரை நொடிக்குள் 6 டெசிபல் ஏறினால் எச்சரிக்கை எழுதலாம். 10 ஏறினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்லிவிடலாம். (இது நடைமுறைக்கு நான் வைக்கும் வரம்பு, மருத்துவ அளவுகோல் அல்ல.) ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் -14 எல்யூஎஃப்எஸ் (அந்த மீட்டர் காட்டும் அலகு) பக்கம் கொண்டுவருகிறதே என்று கேட்கலாம். அது பாட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சரிசெய்யும். பாட்டுக்குள்ளே இருக்கும் தாவல் அப்படியேதான் இருக்கும்.

சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது கம்ப்ரெஸரில். அங்கேதான் தப்பு நடக்கிறது. கம்ப்ரெஸர் பெரிய சத்தத்தை அழுத்திவிட்டு, மேக்கப் கெய்ன் மூலம் எல்லாவற்றையும் சேர்த்து மேலே தூக்கும். அதுவரை அடியில் கிடந்த மூச்சும் உதடு பிரியும் ஒலியும் முன்னால் வந்துவிடும். ஹைப்பர்அக்யூசிஸுக்கு மருந்து, மிசோஃபோனியாவுக்கு விஷம். மேக்கப் கெய்னை அணைத்து வையுங்கள். அட்டாக், அதாவது கம்ப்ரெஸர் அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம், 20 – 30 மில்லிநொடி என்று இருந்தால் ஸ்னேரின் முதல் கூர்முனை தப்பித்து வெளியே வந்துவிடும். 5-க்குக் கீழே வையுங்கள். இரண்டே இடம்தான் பிரச்சினை என்றால் கம்ப்ரெஸரே வேண்டாம், ஆடாசிட்டியில் வால்யூமை இடத்துக்கு இடம் மாற்றும் என்வலப் கருவியால் அந்த இடங்களை மட்டும் 6 – 8 டெசிபல் இறக்குவது எவ்வளவோ மேல்.

அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸைச் சுற்றி 3 – 4 டெசிபல் குறைத்தாலே குத்தல் அடங்கும். அதற்கு மேல் குறைத்தால் பாட்டின் வார்த்தை புரியாமல் போகும், கேட்பவர் வால்யூமைக் கூட்டிவிடுவார், பழைய குருடி கதைதான். நெஞ்சில் இடிக்கும் பாஸ் பிடிக்காதவருக்கு 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஒரே காதில் கிசுகிசுக்கும் குரல் தொல்லை என்றால் போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோவைப் போட்டால் (இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்) முடிந்தது.

எழுதிக் கொடுக்கும் குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

"0:00 – 1:12 சீரானது. 1:13 ஒரு நொடி முழு அமைதி, உடனே டிரம்ஸ், சுமார் 9 டெசிபல் தாவல். 2:05 – 2:20 இடையிசையில் கூரான விசில். 3:02 வலது காதில் மட்டும் மூச்சு ஒலி. கடைசியில் மெல்லத் தேய்ந்து முடிகிறது."

கூடவே எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள். அதே பாட்டின் வீடியோவில் தொடக்கத்தில் வசனமோ கதவு அறையும் சத்தமோ இருக்கலாம். ரீமாஸ்டர் ஆன (ஒலியைப் புதிதாகச் செப்பனிட்ட) பதிப்பில் தாவல்கள் வேறு மாதிரி இருக்கும். ஒன்றுக்கு எழுதிய குறிப்பு மற்றதற்குச் செல்லாது.