வாசகர் கேள்வி – பதில்: மாரி மழையில் தரையிறங்கும் விமானம்

கேள்வி: மகன் டோகாவிலிருந்து மார்கழியில் வருகிறான். நனைந்த ஓடுபாதையில் விமானம் நிற்காமல் எல்லை தாண்டி ஓடியதாக அவ்வப்போது செய்தி வருகிறது. பிழை மழையிலா, விமானியிலா, ஓடுபாதையிலா?
– வாசகர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: மழை தனித்து நின்று ஒரு பெரிய விமானத்தை வெளியே தள்ளுவது அரிது. ஏனென்றால் கணக்குப் போடும்போதே மழைக்கும் இடம் விடப்படுகிறது. காய்ந்த ஓடுபாதையில் 1,500 மீற்றரில் நிற்கக்கூடிய ஜெட் விமானத்துக்கு, புறப்படும் முன் போடும் திட்டத்தில் 2,500 மீற்றர் இருக்க வேண்டும். ஓடுபாதை நனைந்திருக்கும் என்றால் இன்னும் 15 சதவீதம் கூட்டி 2,875 மீற்றர். கட்டுநாயக்க ஓடுபாதையின் நீளம் 3,350 மீற்றர்.

அப்படியானால் இந்த மிச்சம் எங்கே போகிறது? பெரும்பாலும் சில்லு தரையைத் தொடும் முன்பே போய்விடுகிறது. ஓடுபாதையின் தொடக்க விளிம்பை 50 அடி உயரத்தில் கடக்க வேண்டும். 100 அடியில் கடந்தால், வழக்கமான 3 பாகைச் சரிவில் தொடும் இடம் ஏறக்குறைய 290 மீற்றர் தள்ளிப்போகும். மெதுவாகத் தொட வேண்டுமென்று நிலத்துக்கு மேலே மிதக்கவிட்டால், 140 நொட் (மணிக்குச் சுமார் 260 கிலோமீற்றர்) வேகத்தில் ஒவ்வொரு செக்கனும் 72 மீற்றரை விழுங்கும். வேகம் 10 நொட் கூடி, பின்காற்றும் 10 நொட் சேர்ந்தால், தரையைத் தொடும்போது வேகம் 140க்குப் பதில் 160 நொட். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சக்தி கூடுவதால், பிறேக் அடக்க வேண்டிய சக்தி 30 சதவீதம் அதிகம். அதையும் வழுக்கும் தரையில் அடக்க வேண்டும்.

2020 ஓகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நடந்தது இதுவே. டுபாயிலிருந்து 190 பேருடன் வந்த போயிங் 737, கடும் மழையில் பின்காற்றோடு இறங்கியது. தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பானும் சரியாக வேலை செய்யவில்லை. 2,700 மீற்றர் ஓடுபாதையில் அது தொட்டதே ஏறக்குறைய 1,350 மீற்றரில். மீள எழும்பும்படி துணை விமானி சொல்லியும் இறக்கம் தொடர்ந்தது. மேட்டுநில விமான நிலையம் என்பதால் விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

தொட்ட பிறகும் பிழை நேரலாம். இறக்கையின் மேல் எழும்பும் ஸ்பொய்லர் தகடுகள்தான் விமானத்தின் பாரத்தைச் சில்லுகளுக்கு மாற்றுகின்றன. பாரம் இல்லாத சில்லில் பிறேக் போட்டால் அது வழுக்குமே தவிரப் பிடிக்காது. 1993இல் போலந்தின் வார்சோவில் ஒரு எயார்பஸ் ஏ320 விமானம், நனைந்த ஓடுபாதையில் ஒரு பக்கச் சில்லை முதலில் வைத்து மெதுவாக இறங்கியது. இரண்டு பக்கக் கால்களிலும் போதிய பாரம் ஏறும்வரை ஸ்பொய்லரும் எதிர்உந்தும் (இயந்திரத்தின் உந்தலை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) இயங்காதபடி அந்த விமானம் அமைக்கப்பட்டிருந்தது. முதல் தொடுகைக்குப் பிறகு சுமார் 9 செக்கன் வீணானது. இருவர் இறந்தார்கள்.

இயந்திரங்களின் எதிர்உந்துக்குத் தரையின் பிடிப்பே தேவையில்லை. அதனால் ஈரத்தில் அதன் பெறுமதி மிக அதிகம், அதுவும் வேகம் கூடுதலாக இருக்கும் முதல் செக்கன்களில். 1999இல் பாங்கொக்கில் அவுஸ்திரேலியாவின் கன்ராஸ் நிறுவன 747 விமானம் ஒன்று அதை முழுமையாகப் பயன்படுத்தாமலே ஓடுபாதைக்கு வெளியே போனது. அதிர்ஷ்டவசமாக அதில் உயிரிழப்பு இல்லை.

கேள்வி: ஏ9 வீதியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் வான் சறுக்குவதுபோல விமான ரயரும் தண்ணீரில் மிதக்குமா? புது ரயர் போட்டால் போதாதா?
– வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: மிதக்கும், காரணமும் ஒன்றுதான். ரயருக்கு முன்னால் உள்ள தண்ணீர் விலக நேரமில்லாவிட்டால், அது ஆப்புப்போல அடியில் புகுந்து ரயரைத் தூக்கிவிடும். எந்த வேகத்தில் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: ரயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் நொட்டில் விடை வரும். சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் அழுத்தமுள்ள விமான ரயருக்கு 127 நொட், அதாவது மணிக்கு 235 கிலோமீற்றர். இது சுழன்றுகொண்டிருக்கும் சில்லுக்கு. தரையைத் தொடும் கணத்தில் சில்லு இன்னும் சுழலத் தொடங்கவில்லை. அப்போது 9க்குப் பதில் 7.7. விடை 109 நொட்தான். 36 இறாத்தல் அழுத்தமுள்ள உங்கள் வானுக்கு முதற்கணக்கைப் போட்டால் மணிக்குச் சுமார் 100 கிலோமீற்றர். காற்றுக் குறைந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். மாரி தொடங்க முன் ரயர்க் காற்றைப் பாருங்கள்.

புது ரயரின் வரிகள் உதவும், ஆனால் தேங்கிய தண்ணீர் ஆழமானால் போதாது. 3 மில்லிமீற்றருக்கு மேல் தண்ணீர் நின்றால் அந்த ஓடுபாதையை வெறும் ஈரம் என்றே கணக்கில் எடுப்பதில்லை, அதைவிட மோசமான வகையில் சேர்ப்பார்கள். தண்ணீர் வடிய ஓடுபாதைக்குக் குறுக்கே 6 மில்லிமீற்றர் அகலமும் ஆழமும் கொண்ட கோடுகளை 38 மில்லிமீற்றர் இடைவெளியில் வெட்டுவது வழக்கம். விமானங்கள் தொடும் பகுதியில் ரயர் இறப்பர் படிந்து அந்தக் கோடுகளை அடைத்துவிடும். அப்போது மெல்லிய நீர்ப்படலமே வழுக்கப் போதும். உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி அந்த இறப்பரைக் காலாகாலத்தில் அகற்ற வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் மிதப்பது, மெல்லிய நீர்ப்படலத்தில் வழுக்குவது தவிர, மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. சில்லு சுழலாமல் பூட்டி இழுபட்டால், சூட்டில் தண்ணீர் ஆவியாகி ரயர் அதன்மேல் வழுக்கும். அது போன தடம் கறுப்பாக இராது, கழுவி விட்டதுபோல வெள்ளையாக இருக்கும். விசாரணையாளர்கள் ஓடுபாதையில் முதலில் தேடும் தடயங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: விமானம் தரையில் "டம்" என்று இடித்து இறங்கியது. விமானிக்கு அனுபவம் போதாதோ?
– ஆசிரியை ஒருவர், வவுனியா

பதில்: மழை நாளில் அப்படித்தான் இறங்க வேண்டும். உறுதியாகத் தொட்டால் ரயர் நீர்ப்படலத்தை உடைத்து உடனே சுழலத் தொடங்கும், ஸ்பொய்லரும் தாமதிக்காமல் எழும்பும். பூப்போல இறங்கியதற்குக் கைதட்டும் பழக்கத்தை ஈர ஓடுபாதையிலாவது விட்டுவிடலாம்.

கேள்வி: இறங்கும் தறுவாயில் விமானம் திடீரென மேலே எழும்பிவிட்டது. பயந்துபோனோம். ஓடுபாதையில் நிற்காமல் ஓடினால் பயணி என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், முல்லைத்தீவு

பதில்: மீள எழும்புவது விபத்தின் அறிகுறி இல்லை. வேகமோ உயரமோ காற்றோ ஒத்துவரவில்லை என்றால் விமானி எடுக்கக்கூடிய மிகச் சரியான முடிவு அதுதான். இரண்டாவது சுற்றுக்கான எரிபொருளும் கணக்கில் இருக்கும். எதிர்உந்தைப் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது, பிறகு நின்றே ஆக வேண்டும்.

நிற்காமல் ஓடினால் பயணியின் கையில் இருப்பவை சில. ஆசனப் பட்டியை இடுப்பெலும்பின் மேலாகத் தாழ்வாக இறுக்கிப் போடுங்கள். ஏறியவுடனே முன்னும் பின்னும் உள்ள அவசர வாசல்கள் எத்தனை வரிசை தள்ளி இருக்கின்றன என்று எண்ணி வையுங்கள், புகைக்குள் கண் தெரியாது. செருப்பைக் கழற்றாமல் இறங்குங்கள். 2005இல் ரொறொன்ரோவில் மழையில் ஓடுபாதை தாண்டி எரிந்த எயார் பிரான்ஸ் ஏ340இலிருந்து 309 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அங்கும் பலர் கைப்பொதியை எடுத்துக்கொண்டே சறுக்குப் பாதைக்கு வந்தார்கள். பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 செக்கனில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டித்தான் விமானத்துக்கு அனுமதி பெறுகிறார்கள். அந்தச் சோதனையில் யாரும் மேல்தட்டிலிருந்து பெட்டி இறக்குவதில்லை. கடவுச்சீட்டையும் மருந்தையும் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்திருந்தால், பொதியைத் தேடி எழும்ப வேண்டிய தேவையே வராது.