கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால்: கேள்வி பதில்

பல ஆண்டுகள் மாட்டோடும் ஆட்டோடும் இருந்துவிட்டு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் நான். கலந்தாய்வு நேரத்தில் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, என் கட் ஆஃப் சற்றுக் குறைவு. ஓராண்டு காத்திருந்து மறுபடியும் விண்ணப்பிக்கலாமா?

எதற்காகக் காத்திருக்கிறாய் தம்பி? தமிழ்நாட்டின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நிரம்புகின்றன. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கணக்கு. வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த எண் வளராது. ஓராண்டில் நீ ஏற்றக்கூடியது நீட் மதிப்பெண்ணைத்தான். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்கள் அதன் வழியே போகின்றன. அதற்காகப் படிப்பதென்றால் ஒரு முறை முயன்று பார். இரண்டாம் முறை வேண்டாம்.

மகளுக்கு விலங்கியல் பி.எஸ்சி. கிடைத்திருக்கிறது. முடித்துவிட்டு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கலாமா?

முடியாது அம்மா. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, கால்நடை மருத்துவராகப் பதிவுபெற்றவர்தான் சிகிச்சை தர முடியும். விலங்கியல் நல்ல படிப்பு. ஆசிரியப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் வழிவிடும். ஆனால் மருத்துவத்துக்குக் குறுக்குவழி அதில் கிடையாது. இதைச் சேர்வதற்கு முன்பே மகளிடம் சொல்லிவிடுங்கள்.

மாற்றாக எந்தப் படிப்பைப் போடலாம்?

கால்நடை மருத்துவத்தில் உன்னை இழுப்பது எது என்று சொல், பிறகு பேசுவோம். நள்ளிரவில் கன்று சிக்கிய பசுவுக்குள் தோள்வரை கைவிட்டு அதை உயிரோடு வெளியே எடுப்பதா? அப்படியானால் வேறெந்தப் படிப்பும் அந்த இடத்தை நிரப்பாது.

பண்ணையும் பாலும் முட்டையும் உன்னை இழுத்தால் கதை வேறு. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்திலேயே நான்காண்டு பி.டெக். படிப்புகள் உள்ளன: கொடுவள்ளியில் உணவுத் தொழில்நுட்பமும் பால்வளத் தொழில்நுட்பமும், ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பம். கால்நடை மருத்துவப் படிப்புக்கோ உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு ஆகும். பிளஸ் டூவில் என்னென்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்பது மட்டும் வேறுபடும், பார்த்துக்கொள். நாமக்கல் பக்கம் ஒரு முறை போய்வா. தீவன ஆலையும் குஞ்சு பொரிப்பகமும் எத்தனை பேருக்குச் சோறு போடுகின்றன என்பது தெரியும்.

பலர் மறந்துவிடுவது மீன்வளம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது; இப்போது நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. வெண்புள்ளி நோய் புகுந்தால் சில நாட்களில் ஒரு குளத்து இறால் முழுதும் போய்விடும். நோயறியும் ஆர்வம் உள்ளவனுக்கு அங்கே வேலை குறையாது. மீன் வாடை பிடிக்காது என்கிறார்கள். சாணத்துக்கு மூக்கைப் பழக்கத் தயாரானவர்களுக்கு மீன் வாடை ஒரு பொருட்டா?

வெளிமாநிலத் தனியார் கல்லூரியில் இடம் தருகிறார்கள். சேரலாமா?

இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டு.

எனக்கு நாய், பூனைதான் பிடிக்கும். மாடு என்றால் பயம்.

படிப்பில் மாடு, ஆடு, பன்றி, கோழி எல்லாம் வரும். ஒன்றையும் ஒதுக்க முடியாது. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு, ஒரு வாரம் காலை நேரத்தில் போய் நில். பயம் தெளியவில்லை என்றால் விண்ணப்பிக்க வேண்டாம். முதல் நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதே.