பழைய சினிமா ஸ்டாருங்களோட சொந்த நகை ஏலத்துல ஏன் அவ்ளோ விலை போகுது?

ஏலக்காரங்க இதுக்கு சொல்ற வார்த்தை ப்ராவனன்ஸ், அதாவது அந்த நகை யார் யார் கையில இருந்து வந்துச்சுன்னு ஆதாரத்தோட காட்டற பூர்வீகம். ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லரோட லா பெரெக்ரினாங்கற முத்தை எடுத்துக்கங்க, ஒரு காலத்துல ஸ்பெயின் ராஜாக்கள் வச்சிருந்தது, 1969ல அவங்க புருஷன் ரிச்சர்ட் பர்ட்டன் 37,000 டாலருக்கு வாங்கி அவங்களுக்கு குடுத்தாரு, அவங்க இறந்தப்புறம் 2011 டிசம்பர்ல கிறிஸ்டிஸ் ஏலத்துல அந்த முத்து கோத்த நெக்லஸ் 20-30 லட்சம் டாலர் போகும்னு போட்டிருந்தாங்க, போனது 1 கோடியே 18 லட்சம். இந்த கதையோட இருக்கற முத்து உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான், பிடிவாதமா ரெண்டு பேர் வந்தாலே போதும் விலை ஏறிடும்.

எங்க பாலக்காடு கொழிஞ்சாம்பாறை பக்கம் அம்மாயியோட பாலக்கா மாலைய, அதான் பச்சைக்கல்லு பதிச்ச மாலைய, கடைக்கு கொண்டு போனா கல்லு கழிச்சு அழுக்கு கழிச்சு எடைக்குதான் காசு. வீட்ல பாகம் பிரிக்கறப்ப அதுக்குத்தான் அத்தனை போட்டி, ஏன்னா கல்யாண போட்டோல அம்மாயி கழுத்துல அதேதான் இருக்கு! அந்த போட்டோதான் ப்ராவனன்ஸ்.

படத்துல போட்ட நகையெல்லாம் ஸ்டாரோட சொந்தம்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, ஆனா அதுல நெறைய வாடகை நகைதான், ஹாலிவுட்ல ஜோசஃப் கம்பெனி ஸ்டுடியோக்களுக்கு கவரிங் நகைய வாடகைக்கே விட்டுச்சு.